கரும்பின் வமிசாவளி

(சிதம்பரத்தில் கூடிய நம் சங்கத்து உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

பயிர்த்தொழில் சம்பந்தமான ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்தனர். ஏர் பிடித்துத் தழும்பேறிய கைகளையுடையோர் நிறைந்த இச்சபையில் உழவைப் பற்றிப் பேச முன்வருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புகுந்ததை ஒக்கும் என்பதை யான் அறியாமலில்லை. ஆதலின், பார் கட்டுவது எங்ஙனம், உரம் இடுவது எப்பொழுது என்பவற்றைக் கூற யான் வரவில்லை. அவை யாவும் நீங்கள் எனக்குக் கற்பிக்கத் தக்கவை. நீங்கள் நிலத்திற் புதைக்கும் கரும்புக் கரணை எங்கிருந்து வந்தது, அதன் தாய் யார், தந்தை யார், அதன் பிறப்புக்கும் அதற்கு நேரும் நோய்க்கும் உள்ள தொடர்பு யாது என்னும் இவற்றை மட்டும் சிறிது எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நம்மவர் ஒருவரை அணுகி, "உம்முடைய பாட்டனார் யார்? உங்களுக்குப் பூர்விகம் எந்த ஊர்?" என்று வினவினால், தயங்காது விடையிறுப்பார். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ மணம் பேசுமிடத்து, இரு குடும்பத்தின் முன்னோரையும் விசாரித்து அறியாமல் நாம் தாம்பூலம் மாற்றுவதில்லை. ஆனால், அந்த மணத்துக்கு வேண்டிய பொருளை ஈட்டித் தருகின்ற கரும்பு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். சிலர், "ஆலையார் கொடுத்தது" என்று மட்டும் கூறுவர். இந்த அறியாமை வெறும் கல்விக் குறைவு அன்று. அதனால் கடனாளி ஆனவர்கள் உண்டு. கழனியை விற்றவர்களும் உண்டு. அது எவ்வாறு என்பதே இன்றைய என் பேச்சின் பொருளாகும்.

கரும்பு வந்த வழி

கரும்பு நம் நாட்டுக்கு மிகப் பழைய பயிர். அதியமானுடைய முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறித்திருக்கின்றார். கரும்பு வேற்றிடத்திலிருந்து வந்தது என்னும் நினைவு நம் பழந்தமிழ் மக்களிடையே இருந்தது என்பதற்கு இதுவே சான்று. இக்காலத்துத் தாவர சாஸ்திரிகளும் அதனையே வேறு விதமாகக் கூறுகின்றனர். தடித்த தண்டும் மிகுந்த சாறும் உடைய இனிப்புக் கரும்பு முதன்முதலில் நியூ கினித் தீவில் மக்களால் பேணி வளர்க்கப்பெற்றது என்றும், அங்கிருந்து தீவு தீவாகக் கடந்து ஆசியாக் கண்டத்தை அடைந்தது என்றும் அவர்கள் முடிவு செய்திருக்கின்றனர்.

நம் கடலூர்ப் பகுதியில் இப்பயிர் பெருந்தொழிலாக வளர்ந்ததும் நேற்று இன்றல்ல. நெல்லிக்குப்பத்தில் 1840-களிலேயே சர்க்கரை ஆலை தோன்றிற்று. பிற்காலத்தில் சேத்தியாத்தோப்பில் எம். ஆர். கிருஷ்ணமூர்த்தி பெயரால் கூட்டுறவு ஆலையும் எழுந்தது. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு ஆகியவற்றின் கரைகளில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பும், பெண்களின் கலியாணமும், கூரை மாற்றி ஓடு போடுவதும் கரும்பு வெட்டின் பின்னரே என்று ஆயிற்று.

பழைய நாளில் தமிழ்நாட்டில் விளைந்த கரும்புகள் தடித்தவை; மெல்லுதற்கு இனியவை; நீரும் உரமும் மிகுதியாக வேண்டுபவை. வடநாட்டுக் கரும்புகளோ விரல் பருமனுக்கு மெலிந்தவை. குளிரையும் வறட்சியையும் தாங்குபவை. ஆனால் சாறு குறைந்தவை. ஒன்றிடம் இனிமை இருந்தது. மற்றொன்றிடம் உறுதி இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம் என்பதே அக்காலத்து அறிஞரின் கவலையாக இருந்தது.

பூவும் விதையும்

நாம் கரும்பை விதைத்துப் பயிரிடுவதில்லை. கரணை நட்டே பயிரிடுகிறோம். கரும்பு பூப்பதைக் கண்டிருக்கிறோமேயன்றி, அப்பூவில் முளைக்கத்தக்க விதை உண்டு என்று நம்மவர் நினைத்ததில்லை. நம்மவர் மட்டுமன்று, உலகத்தாரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். ஜாவாத் தீவிலும் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த பார்படோஸிலும் 1887, 1888 ஆகிய வருஷங்களில் கரும்புப் பூவின் விதையை முளைப்பிக்கலாம் என்பது ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. அவ்விதை பஞ்சு போன்ற மயிருடன் கூடிய மிகச் சிறிய பொருள், ஊதினால் பறந்துவிடும். ஆயினும் உலகத்துச் சர்க்கரைத் தொழில் முழுவதும் அதனால் மாறிற்று.

ஏன் எனில், கரணைக்கும் விதைக்கும் பெரிய வேற்றுமை உண்டு. கரணையில் உள்ள பரு தாய்க்கரும்பின் அங்கமே ஆகும். அதிலிருந்து எழுவது புதிய பிறவி அன்று. பழைய உடம்பே மீண்டும் தழைப்பது. விதையோ, தாயின் சூலும் தந்தையின் மகரந்தமும் கூடிப் பிறப்பது. ஒரே கதிரில் விளைந்த நூறு விதைகள் முளைத்தால், நூறும் நூறு விதமாக இருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முற்றும் ஒவ்வாதிருத்தல் போல, ஒன்று இனிக்கும், ஒன்று சப்பென்றிருக்கும், ஒன்று காற்றில் சாயும், ஒன்று நோய்க்கு அஞ்சாது நிற்கும். அவற்றுள் நல்லதைத் தேர்ந்து, அதனைக் கரணையால் பெருக்கினால் புதிய ரகம் கிடைக்கும்.

நம் நாட்டில் இவ்வேலைக்குத் தகுந்த இடமாகக் கோயம்புத்தூர் தேர்ந்தெடுக்கப்பெற்றது. அவ்வூரின் சீதோஷ்ணத்திலும் பகற்பொழுதின் அளவிலும் கரும்பு செவ்வையாகப் பூத்து விதை கட்டுகின்றது. வடநாட்டில் அங்ஙனம் நிகழ்வது அரிது. 1912-ம் வருஷத்தில் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்னும் ஆங்கிலத் தாவர சாஸ்திரி அதனைத் தொடங்கி நடத்தினார். அவருக்கு உதவியாக இருந்து, பின்னர் அந்நிலையத்தின் தலைமையை ஏற்றவர் நம் தமிழ்நாட்டவராகிய டி. எஸ். வேங்கடராமன்.

அவர்கள் செய்த காரியம் யாது? 'வெள்ளை' என்று நம் நாட்டார் அழைத்துவந்த தடித்த இனிப்புக் கரும்பைத் தாயாகக் கொண்டார்கள். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் எவரும் மதியாமல் முளைத்துக் கிடக்கும் நாணலைத் தந்தையாகக் கொண்டார்கள். நாணலும் கரும்பின் சுற்றமே, சாறில்லை, இனிப்பில்லை, ஆனால் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நோய்க்கும் அசையாத உறுதி அதனிடம் உண்டு. இந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918-ல் வெளியாகிப் பஞ்சாபில் பழைய மெல்லிய கரும்புகளின் இடத்தைப் பற்றிற்று. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும் எழுத்து. நாணலைக் கொண்டு கரும்பைத் திருத்துவதா என்று நகைக்கத்தக்கதாகத் தோன்றிய அம்முயற்சி, வடநாட்டு உழவருக்கு வாழ்வளித்தது.

எண்பதும் முப்பத்திரண்டும்

இந்தக் கலப்பில் ஓர் அதிசயம் உண்டு. செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. நிறம், உயரம், இனிமை, நோய் தாங்கும் வன்மை முதலிய பரம்பரைக் குணங்கள் யாவும் இவ்விழைகளின் வழியாகவே தாய்தந்தையரிடமிருந்து சந்ததிக்கு வருகின்றன. சாதாரணமாகத் தாய் தன் இழைகளிற் பாதியையும் தந்தை தன் இழைகளிற் பாதியையும் கொடுப்பது இயற்கை. இனிப்புக் கரும்புக்கு இவ்விழைகள் 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. ஆகவே, பிள்ளைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 இருத்தல் வேண்டும். ஆனால் கோ 205 கரும்பில் எண்ணிப் பார்த்தபொழுது 112 இருந்தன. தாய் தன் பங்கைப் பாதியாக்காமல் எண்பதையும் அப்படியே கொடுத்துவிட்டாள். தந்தை மட்டும் 32 கொடுத்தான். இதனால்தான் இனிமை முழுதும் கெடாமல் நாணலின் உறுதியும் வந்து சேர்ந்தது.

இவ்விழைகளை ஆராய்ந்த அறிஞருள் ஒரு பெண்மணியின் பெயரை நம் பெண்மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். தலைச்சேரியில் 1897-ல் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள், 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் பணியாற்றினார். கரும்பை மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களோடு கலந்து, அவற்றின் இழைகளை நுண்பெருக்காடியில் கண்டு எண்ணினார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்து 1945-ல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பெண்ணுக்கு எதற்கு இத்துணைப் படிப்பு என்று கேட்போர் நிறைந்திருந்த காலத்தில் இது நடந்தது என்பதை இங்குள்ள தந்தையர் சிந்திப்பாராக.

மனிதரின் இழைகள் 46 என்பர். இக்காலத்துக் கரும்புக்கோ 100-க்கு மேலும் இருக்கும். ஒவ்வொரு குணத்துக்கும் ஏறக்குறையப் பன்னிரண்டு பிரதிகள். அவை ஒன்றோடொன்று மாறுபட்டும் இருக்கும். ஆதலால், நெல்லின் மரபெழுத்து முழுவதும் படித்தறியப்பட்டுப் பல வருஷங்கள் சென்ற பின்னரும், கரும்பின் மரபெழுத்தைப் படிக்க இயலாமல் அறிஞர் திகைத்தனர். ஆர் 570 என்னும் கலப்புக் கரும்பின் மரபெழுத்து 2024-ம் வருஷத்திலேதான் ஏறக்குறைய முழுமையாக வெளியாயிற்று. கரும்பில் நல்ல ரகம் எளிதில் வாராமைக்கு இதுவே காரணம். ஒரு கலப்புச் செய்து பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்து, வருஷந்தோறும் கழித்துக் கழித்து, இறுதியில் ஒன்றோ இரண்டோ உழவர் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். பலவேளை ஒன்றும் தேறாமலும் போகும்.

கடலூர் தந்த கரும்பு

நம் ஜில்லாவுக்கு இவ்வாராய்ச்சியில் உள்ள பங்கு சிறிதன்று. பாலூரில் 1905-ம் வருஷத்திலேயே பயிர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. பாலூர்க் கத்தரியை அறியாத உழவர் இங்கு இலர். விருத்தாசலத்து நிலையம் நிலக்கடலையிலும் முந்திரியிலும் புதிய ரகங்களைத் தந்தது. இச்சிதம்பரத்தில் விளங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயிர்களின் மரபியலைக் கற்பிக்கும் துறை இருக்கிறது. கடலூரிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையமோ, பாரத தேசத்துச் சர்க்கரைத் தொழிலின் வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. அதற்குக் காரணம் கோ.க. 671 என்னும் ஒரு கரும்பு.

'கோ' என்பது கோயம்புத்தூர். 'க' என்பது கடலூர். கலப்பு அங்கே; தேர்வு இங்கே. இக்கரும்பின் தாய் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்திலிருந்து வந்த கியூ 63. தந்தை கோயம்புத்தூர்க் கோ 775. விரைவில் முதிர்வதிலும் சாற்றில் சர்க்கரை மிகுந்திருப்பதிலும் இதற்கு நிகரான கரும்பு அக்காலத்தில் நம் நாட்டில் இல்லை எனலாம். 1970-களிலும் 1980-களிலும் தமிழ்நாட்டில் மட்டுமன்றி, கர்நாடகம், மஹாராஷ்டிரம், கூர்ஜரம் ஆகிய இடங்களிலும் ஆலை முதலாளிகள் இதனை விரும்பி ஏற்றனர். கடலூர் மண்ணில் தேர்ந்தெடுத்த ஒரு நாற்று பல மாகாணங்களின் வயல்களில் நின்றது.

ஆனால் இவ்வளவு சிறப்புடைய கரும்புக்கும் ஒரு குறை இருந்தது. செவ்வழுகல் நோயை அதனால் தாங்க இயலவில்லை.

ஒரே உடம்பு

செவ்வழுகலைப் பற்றி இச்சபைக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பயிர் செழித்து நிற்கும் காலத்தில், கொழுந்துக்குக் கீழே மூன்றாம் நான்காம் தோகைகள் மஞ்சளித்து வாடும். கரும்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்திருக்கும். அச்சிவப்பின் நடுவே குறுக்காக வெண்திட்டுகள் காணும். முகர்ந்தால் புளித்த கள்ளின் வாடை வீசும். பிறகு தூர் முழுவதும் காயும். சில வாரத்தில் வயலே காயும். மேலே சொல்லிய வாட்டம் கண்ணுக்குத் தோன்றும்பொழுது, உழவன் போட வேண்டிய முதல் முழுவதும் நிலத்திற் போட்டாயிற்று. வாங்க வேண்டிய கடன் முழுவதும் வாங்கியாயிற்று. இதுவே இந்நோயின் கொடுமை.

இதனை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம். அது நோயுற்ற கரணையின் உள்ளே மறைந்து வரும். மண்ணில் கிடக்கும் கட்டைகளில் தங்கும். பாசன நீரில் மிதந்து அடுத்த வயலுக்குச் செல்லும். கரணையின் உள்ளே ஆழ்ந்து குடியிருப்பதால் மேலே மருந்து தெளித்து அதனை ஒழிக்க இயலாது. தாங்கும் வன்மை உள்ள ரகத்தை நடுவதே பெரிய காப்பு.

இங்கேதான் முன்னர்ச் சொல்லிய கரணையின் இயல்பை நினைத்தல் வேண்டும். ஒரு ரகம் என்பது ஒரு குடும்பம் அன்று. ஒரே ஓர் உடம்பு. கடலூரில் ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்த ஒற்றை நாற்றே துண்டு துண்டாகி, லக்ஷக்கணக்கான ஏக்கரில் நின்றது. வயல்கள் பல; உழவர் பலர்; செடியோ ஒன்று. அந்த ஒன்றை வெல்லும் வித்தையைப் பூசணம் கற்றுக்கொண்டால், யாவற்றையும் வென்றதாகும். பூசணமும் சும்மா இருப்பதில்லை. அதுவும் தன் குணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று ஒரு ரகத்திற் பற்றாத பூசணத்தின் சந்ததி நாளை பற்றும். எங்கும் ஒரே ரகத்தை நட்டுவைப்பது, ஒரே திறவுகோலால் திறக்கும் பூட்டை ஊரிலுள்ள வீடுகள் யாவற்றுக்கும் போட்டுவைப்பதை ஒக்கும். கள்வனுக்கு ஒரு திறவுகோல் கிடைத்தால் போதும்.

இது கற்பனை அன்று, சரித்திரம். 1845-ல் அயர்லாந்து தேசத்தில் ஏழைகள் ஏறக்குறைய ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்தனர். உருளைக்கிழங்கும் கரும்பைப் போல உடம்பின் துண்டால் பெருகுவதே. ஒரு நோய் வந்தது; அடுத்த சில வருஷங்களில் சுமார் பத்து லக்ஷம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். நம் தேசத்தில் கோ 213 என்னும் கரும்பு ஐக்கிய மாகாணத்திலும் பீஹாரிலும் எங்கும் பரவியிருந்தது. 1939-ஐ ஒட்டிய வருஷங்களில் செவ்வழுகல் அதனைச் சூறையாடிற்று. பிறகு நம் கோ.க. 671-ம் தமிழ்நாட்டுக் கடற்கரை ஜில்லாக்களில் இந்நோய்க்கே இரையாயிற்று. இத்தனை கண்ட பின்னராவது நாம் திருந்தினோமா? 2009-ல் கோ 0238 என்னும் சிறந்த கரும்பு வடநாட்டுக்காக வெளியாயிற்று. அதுவும் நம் கோ 775-ன் பிள்ளையே, கோ.க. 671-க்குத் தந்தை வழிச் சகோதரன். உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அந்த ஒரே ரகம் நின்றது. அங்கும் செவ்வழுகல் நுழைந்து, அடுத்த பத்து வருஷத்துக்குள் அதனை வீழ்த்தத் தொடங்கிற்று.

கரும்பு கெட்டதா? இல்லை. கரும்பு தன் இயல்பின்படியே இருந்தது. அதன் இயல்பை அறியாமல், நல்லது ஒன்று கிடைத்தது என்று அதனையே எங்கும் நிரப்பியது நம் செய்கை. ஆலைக்கு வேண்டியது சர்க்கரை. உழவனுக்கு வேண்டியது எடை. இருவருக்கும் வேண்டியது பயிர் பிழைத்து நிற்றல். முன்னிரண்டையும் தேடி ஓடுகையில் மூன்றாவதை மறந்தோம்.

வீழ்ந்ததும் வீண் ஆகவில்லை

கோ.க. 671 வயலில் தோற்றது. ஆனால் வமிசத்தில் தோற்கவில்லை. கோ 62198 என்னும் கரும்பைத் தாயாகவும், கோ.க. 671-ஐத் தந்தையாகவும் கொண்டு கோயம்புத்தூரில் ஒரு பிள்ளை பிறந்தது. அதுவே 2000-ம் வருஷத்தில் வெளியாகி, தமிழ்நாட்டுக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியில் பரவிய கோ 86032. நம்மில் பலர் எண்ணை மட்டும் சொல்லி வளர்க்கும் அந்தக் கரும்பின் தந்தை நம் கடலூர்க் கரும்பு என்பதை இன்று அறிந்துகொள்ளுங்கள். நோய்க்கு எளிதில் இரையான தந்தையின் இனிமை, வேறொரு தாயின் வயிற்றில் பிறந்து, அதனினும் உறுதியுள்ள உடம்பில் தொடர்கின்றது.

இந்த வமிசாவளியை ஆராய்ந்து பாருங்கள். நியூ கினியில் தோன்றிய கரும்பு, நம் நாட்டு வெள்ளை, ஆற்றங்கரை நாணல், ஜாவாவிலும் குவீன்ஸ்லாந்திலும் தேர்ந்த கரும்புகள் என்று எத்தனையோ ரத்தம் இக்காலக் கரும்புகளிற் கலந்திருக்கின்றது. ஜாவாவில் 1921-ல் பிறந்த பி.ஓ.ஜே. 2878 என்னும் கரும்பு நம் கோ 419-க்குத் தாய். அக்கோ 419, 1933-ல் வெளியாகித் தென்னாட்டு வயல்களை நெடுங்காலம் ஆண்டது. அயலார் வீட்டுக் குணம் வந்து சேரும்போதெல்லாம் கரும்பு வலிமை பெற்றது. தன் ஒரே உடம்பைத் தானே நகலெடுத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் நோய்க்கு இரையாயிற்று. இதனை நான் கரும்பைப் பற்றியே சொல்லுகிறேன். கேட்போர் தத்தம் மனத்துக்கு ஏற்றவாறு பொருள் கொள்ளலாம்.

ஆகவே, பழைய ரகங்களும் காட்டு ரகங்களும் பயனற்றவை என்று அழிந்துபோக விடுவது பெரும் பிழை. நாளை வரும் நோய்க்கு மருந்து இன்று நாம் களை என்று பிடுங்கி எறியும் நாணலிடத்தில் இருக்கலாம். இதனை உணர்ந்தே, உலகத்துக் கரும்பினங்களைத் திரட்டிக் கேரளத்துக் கண்ணூரில் கரும்பு நிலையத்தார் பேணி வருகின்றனர். நாணலுக்கு உறவாகிய வேறு காட்டுப் புல்லினங்களின் வன்மையையும் கரும்புக்குள் கொணரும் முயற்சி அங்கும் கோயம்புத்தூரிலும் நடைபெறுகின்றது.

நாம் செய்யத் தக்கவை

இனி, இவற்றால் நாம் மேற்கொள்ள வேண்டிய காரியங்களைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது: ஒரு கிராமம் முழுவதும் ஒரே ரகத்தை நடுதல் ஆகாது. நிலத்துக்கும் நீருக்கும் பட்டத்துக்கும் ஏற்ப இரண்டு மூன்று ரகங்களைப் பகிர்ந்து நடுதல் வேண்டும். ஒன்று போனால் மற்றொன்று குடும்பத்தைக் காக்கும். ஒரே ரகத்தையே கேட்கும் ஆலை அதிகாரிகளிடம் தனி உழவன் போய்ச் சொன்னால் செல்லாது. சங்கமாகச் சென்று சொன்னால் செல்லும்.

இரண்டாவது: ஆலைக்கு வெட்டும் முதிர்ந்த கரும்பிலிருந்தே கரணை எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுதல் வேண்டும். விதைக்கரும்புக்கு என்று தனி நாற்றங்கால் வைத்து, ஆறு முதல் எட்டு மாதத்துப் பயிரிலிருந்து கரணை எடுத்தலே நலம். வெட்டுவாயில் சிவப்புக் கண்ட கரணையை இரக்கமின்றி ஒதுக்குக. புல்தண்டு முதலிய வேறு சில நோய்களை ஒழிக்க, காற்றோடு கலந்த நீராவியில் 50 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கரணையை வைத்தெடுக்கும் முறையும் இருக்கிறது. செடியின் நுனிக்குருத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, நோயற்ற நாற்றுகளைப் பெருக்கும் திசு வளர்ப்பு முறையும் வந்துவிட்டது. ஒவ்வொரு குருத்திலும் ஒரு முழுச் செடியின் திட்டமும் அடங்கியிருப்பதால் அது கைகூடுகின்றது.

மூன்றாவது: செவ்வழுகல் கண்ட தூரை வேரோடு பிடுங்கி எரித்தல் வேண்டும். அந்த வயலில் கட்டைக்கரும்பு விடலாகாது. அங்கிருந்து நீர் அடுத்த வயலுக்குப் பாயாதபடி மடையை அடைத்தல் வேண்டும். அறுவடைக்குப் பின் நெல்லை மாற்றுப் பயிராக வைத்தல் நன்று. நம் ஜில்லாவில் வெள்ளமும் புயலும் புதியவை அல்ல. 2011-ம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ம் தேதி வீசிய தானே புயலில் சாய்ந்த பயிர்களை யாவரும் நினைவில் வைத்திருக்கிறோம். நீர் தேங்கிய வயலும் சாய்ந்து காயம்பட்ட கரும்பும் நோய்க்குத் திறந்த வாயில்கள். ஆகையால் வடிகாலைத் தூர்க்காமல் காத்தல் ஒவ்வொருவர் கடமையும் ஆகும்.

நான்காவது: நம் உரிமையை நாம் அறிதல் வேண்டும். 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, உழவன் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளவும், மீண்டும் விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும், வணிக முத்திரையின்றி விற்கவும் உரிமையுடையவன். உழவர் பேணி வளர்த்த ரகத்தை உழவர் பெயராலேயே பதிவு செய்யவும் அச்சட்டம் இடம் தருகின்றது. பலாவிலும் கத்தரியிலும் நெல்லிலும் நம் பாட்டனார் தேர்ந்து வைத்த நல்ல ரகங்கள் எத்தனை வீடுகளில் பெயரற்றுக் கிடக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது: நம் பிள்ளைகளில் சிலரேனும் இச்சாஸ்திரத்தைக் கற்க வேண்டும். இவ்வூர்ப் பல்கலைக்கழகமும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நமக்கு எட்டாதவை அல்ல. உழவன் மகன் உழவை விட்டு ஓடுவதே படிப்பின் பயன் என்று எண்ணுதல் தகாது. கரும்பைக் கண்ணாற் கண்டு, 'இது சாயும், இது நிற்கும்' என்று சொல்லவல்ல பரம்பரை அறிவு நம் வீட்டில் இருக்கிறது. குரோமோசோமை எண்ணும் அறிவு கல்லூரியில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே பிள்ளையிடம் சேருமாயின், அதனினும் நல்ல கலப்பு வேறு யாது?

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

முடிவாக, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகிறேன். நம் சங்கம் உறுப்பினரின் பெயர்ப் பதிவேட்டை மிகுந்த சிரத்தையுடன் வைத்திருக்கிறது. அதனோடு கூட இன்னொரு பதிவேடும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்தக் கிராமத்தில், எந்த வருஷத்தில், எந்த ரகக் கரும்பு, எவ்வளவு பரப்பில் நின்றது, அதன் கரணை எங்கிருந்து வந்தது, எப்பொழுது எந்நோய் கண்டது என்பவற்றை அதில் எழுதி வருதல் வேண்டும். கிளைச் சங்கம் ஒவ்வொன்றும் சிறிதளவு நிலத்தில் நோயற்ற விதைக்கரும்பை வளர்த்து, ஜாதி பேதம் பாராமல் ஊரார் யாவருக்கும் அடக்க விலைக்குக் கொடுத்தல் வேண்டும். பூசணம் வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. அடுத்த வயல்காரர் யார் என்றும் கேட்பதில்லை. அவருடைய வயல் நோயுற்றிருக்க, நம் வயல் மட்டும் பிழைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

இப்பதிவேட்டுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஊருக்கு ஒரு படித்த இளைஞனும் போதும். பத்து வருஷம் விடாமல் எழுதப்பட்டால், ஆராய்ச்சி நிலையத்தாருக்கே நாம் சொல்லத்தக்க செய்தி அதில் சேர்ந்திருக்கும். அடுத்த முறை ஒரு புதிய ரகம் வரும்பொழுது, கைநீட்டி வாங்குவோராக மட்டும் இராமல், அதன் தாய் தந்தையரை வினவி, குணங்குற்றம் ஆராய்ந்து, வேண்டிய அளவே ஏற்போராக நாம் இருப்போம். வருகின்ற தைப்பட்டத்திற்கு முன்னரே ஒவ்வொரு கிளையும் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.